இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் என் ஒரே குரலும்

என் குரலை நான் முழுமையாகக் கேட்டது ஒரு வேப்பமரத்தின் உச்சியிலிருந்துதான். தென்காசிக்கு வந்த புதிது. ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேச அழைத்திருந்தார்கள். "தலைவர் அவர்களே" என்று தொடங்கினேன். அந்தச் சொல் என்னை விட்டுப் புறப்பட்டுப் போய், எதிரே மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயின் வழியாகத் திரும்பி வந்தது. போன சொல் வேறு. வந்த சொல் வேறு. போனது, கல்லூரி மேடைகளில் கேடயங்கள் வாங்கிப் பழகிய இருபத்திரண்டு வயது இளைஞனின் சற்றே மெலிந்த குரல். வந்ததோ அகன்ற மார்பும் நிலபுலனும் நிறைந்த குடும்பமும் உடைய ஒருவரின் குரல். அந்த மனிதரை நான் அந்த மேடையிலேயே நேசிக்கத் தொடங்கினேன்.

நேசிப்பதற்கு வேறு ஆளும் இல்லை. சுரண்டையில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்துவந்த என் தந்தையார், நான் வாங்கிய கேடயங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "இதுல எதையாவது எடை போட்டு விக்க முடியுமா" என்று கேட்டவர். தாயார் நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். தென்காசியில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில், பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்குத் தமிழ் நடத்தினேன். எப்போதோ பிளந்துபோய் அப்படியே நின்ற கோயில் கோபுரம் சன்னலில் தெரியும் ஒரு மாடி அறையில் தனியே குடியிருந்தேன். மேடைதோறும் எனக்குப் போர்த்திய பொன்னாடைகளில் ஒன்று சன்னலுக்குத் திரை. மற்றொன்று படுக்கை விரிப்பு. மூன்றாவது, மழைக்காலத்தில் கதவின் அடியில் தண்ணீர் வராமல் அடைக்கும் துணி. ஆயிரம் பேர் கைதட்டிய மாலையிலும் அந்த அறையின் பூட்டை நானேதான் திறக்க வேண்டும்.

வாசகசாலை விழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கம்பி சுற்றிக்கொண்டிருந்த மைக்செட்காரன் ஒருவன் மட்டும் மிச்சமிருந்தான். என் வயதுதான் இருக்கும். தலைநிமிராமலே சொன்னான்.

"மூச்ச ரொம்ப உடுதீரு. மைக் முன்னால பூனை சீறுத மாதிரி கேக்கு."

"பேச்சு எப்படி இருந்தது?" என்று கேட்டேன். பேசி முடித்தவன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான் என்பது அப்போது என் எண்ணம்.

"எனக்கு முள்ளு மட்டுந்தான் தெரியும்" என்றான், பெட்டியின் முகப்பிலிருந்த சிறிய மீட்டரைக் காட்டி. "உம்ம முள்ளு நல்லா ஆடுச்சு."

அன்று அவன் என்னை வேனில் ஏற்றி அறையில் விட்டான். அதன்பின் தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் நான் ஏறிய மேடைகளில் பெரும்பாலானவற்றுக்கு அவன்தான் மைக்செட். வேனை அவனே ஓட்டுவான். அவனுக்குப் பக்கத்து இருக்கை எனது. "நீரு" என்பது சில மாதங்களில் "நீ" ஆயிற்று. பிறகு "ஏலே" ஆயிற்று. நான் மட்டும் அவனிடமும் மேடைத் தமிழிலேயே பேசினேன். நல்ல தமிழை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது கோழைத்தனம் என்று ஒரு சொற்போரில் வாதாடி வென்றிருந்தேன். வென்ற வாதத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்வதுதானே நேர்மை.

அவனுடைய கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. சுவர் நெடுகத் திறந்துபோட்ட வானொலிப் பெட்டிகள். நடுவில் ஒரு மரப்பலகை. பலகைக்கு முன் அவனுக்கு ஒரு நாற்காலி. எனக்கு ஒரு முக்காலி. மாலை வகுப்பு முடிந்ததும் நான் போய் அமர்வது அந்த முக்காலியில்தான். பலகையின் ஒரு முனையில் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் இருக்கும். வால்வு செட். அதன் கம்பிவலை மூடிக்குள் எண்ணூற்றேழு என்ற எண்ணுடைய இரண்டு பெரிய வால்வுகள் எரியும். உள்ளே செம்மஞ்சள், கண்ணாடிச் சுவரில் மெல்லிய நீலம். பொத்தானைப் போட்டவுடன் அது பேசாது. வால்வு சூடேறச் சற்று நேரம் பிடிக்கும். அந்தச் சூட்டை வீணாக்காமல் தேநீர்த் தம்ளர்களை மூடியின்மேல் வைத்திருப்பான். ஆனி ஆடி மாதங்களில், சாரல் தெருவெல்லாம் நசநசக்கும் மாலைகளில், நான் உள்ளங்கைகளை அந்த மூடிக்கு மேலே விரித்து வைத்துக்கொள்வேன். தென்காசியில் என் வரவுக்கென்று சூடாக இருந்தவை அந்தத் தம்ளரும் அந்த மூடியும்தான்.

வேப்பமரத்தில் என்னை அகன்ற மார்பினராகப் பேசவைத்தது அந்தப் பெட்டிதான் என்று அறிய எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதைச் சொல்ல அவன் விரும்பியிருக்க மாட்டான். சொல்லவைத்தது ஓர் ஆங்கிலச் சஞ்சிகை. பழைய காகிதக் கடையிலிருந்து அதை எடுத்து வந்து, "இதைக் கொஞ்சம் தமிழ்ல சொல்லு" என்று என் முன்னால் போட்டான். வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றிய கட்டுரை. சில செட்டுகள் ஒலியை 'வார்ம்' ஆகத் தருகின்றன, சில 'நியூட்ரல்' ஆகத் தருகின்றன, இரண்டில் எது நல்லது என்று வெளிநாட்டார் இருவர் அதில் வாதிட்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பில் நான் தடுமாறும் வழக்கமில்லை. வார்ம் என்பதை வெதுவெதுப்பு என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

"அது குளிர் ஊருலே. அவனுக்குச் சூடுன்னா நல்லது. நம்மூர்ல ஒருத்தன் சூடாப் பேசுதான்னா சண்டைக்கு நிக்கான்னு அர்த்தம்."

"சரி, நீ என்ன சொல்வாய்?"

"சொல்லுததுக்கு என்ன இருக்கு? கொழகொழன்னு இருக்கும். நீ ஒரு சத்தம் கொடுத்தா, அதுக்கு மேல அதே சத்தத்த இன்னொரு மடங்கு உசத்தி மெல்லிசா ஒட்டவச்சு அனுப்பும். ஓரமெல்லாம் மழுங்கிரும். கேக்க எதமா இருக்கும். நம்ம பழசு அந்தச் சாதிதான்."

"நியூட்ரல்?"

"கொடுத்ததக் கொடுக்கும்."

அந்தக் கட்டுரையில் ஒரு படம் இருந்தது. வெளியே போகும் ஒலியில் சிறிதளவைப் பிரித்துத் திருப்பி உள்ளே விட்டால், தான் செய்யும் பிழையை ஆம்ப்ளிஃபயர் தானே திருத்திக்கொள்ளும் என்று அதற்கு விளக்கம். அவன் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு ஏழெட்டு மாதம், மைக்செட் வேலை இல்லாத நாட்களில் எல்லாம், தானே ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டினான். ட்ரான்ஸ்ஃபார்மருக்குத் தாமிரக் கம்பியைக் கையாலேயே சுற்றினான். சுற்றுகளை நான் எண்ணிச் சொல்ல வேண்டும். எண்ணிக்கொண்டே அடுத்த மேடைக்கு மனப்பாடம் செய்ததில் இரண்டு தடவை எண்ணிக்கை தவறி, கம்பி முழுவதையும் பிரித்து மறுபடி சுற்றினான். என்னை ஒரு சொல் சொல்லவில்லை.

முடிந்த அன்று மைக்கை என் கையில் கொடுத்தான். ஓர் எதுகை நயமுள்ள தொடரைச் சொன்னேன். கடைவாசலில் வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து யாரோ ஓர் இளைஞன், தொண்டை சற்று இறுகி, மூக்கில் சிறிது பட்டுப் பேசினான்.

"இது யார் குரல்?"

"உன் குரல்தாம்லே."

"என் குரல் இப்படியா இருக்கிறது?"

"எனக்கு எப்பமும் இப்படித்தான் கேக்கு" என்றான். "நான் உன் பக்கத்துலதான உக்காந்திருக்கேன்."

எந்தக் குழாயும் இல்லாமல் ஆண்டுக்கணக்காக என்னைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவன் அதைச் சொன்னான். நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த நொடியே வாதத்தில் இறங்கிவிட்டேன்.

"ஒப்பனை பொய்யா? உப்பில்லாத சோறுதான் உண்மையான சோறா? ஒரு பெண் தலையில் பூ வைத்துக்கொண்டால் அவள் ஊரை ஏமாற்றுகிறாளா?"

"பூ வைக்கட்டும். பூவே மூஞ்சிய மறைச்சா, வந்திருக்கது யாருன்னு தெரியண்டாமா?"

அதற்கு நான் மூன்று பதில்கள் சொன்னேன். மூன்றும் நல்ல பதில்கள். அவன் தம்ளரை எடுத்து என்னிடம் நீட்டி, "ஒண்ணு மட்டும்" என்றான். "இது வீட்ல செஞ்சதுன்னு வெளிய மூச்சு விட்ராத. கம்பெனி செட்டுன்னு நெனச்சாத்தான் கமிட்டிக்காரன் கூப்பிடுவான்."

வாக்குக் கொடுத்தேன்.

குற்றாலத்தில் அந்தச் சாரல் காலத்தில் வணிகர்கள் கூடிப் பட்டிமன்றம் ஒன்று ஏற்பாடு செய்திருந்தார்கள். முந்தைய சில ஆண்டுகளாகவே அந்த மேடையில் நான் பேசிவந்தேன். அந்த ஆண்டு அருவிக்கு இன்னும் அருகில் பந்தல் போட்டிருந்தார்கள். இல்லறம் சிறக்கக் காரணம் கணவனா, மனைவியா என்பது தலைப்பு. நான் மனைவியின் அணி. வேனில் போகும்போது அவன் கேட்டான்.

"பொண்டாட்டி இல்லாதவன் பொண்டாட்டிக்கு வக்கீலா?"

"கொலை செய்தவன்தான் கொலை வழக்கை வாதாட வேண்டுமா?"

"அப்பம் பொண்டாட்டி கட்டுதது கொலைன்னு சொல்லுத."

சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். அவனோடு நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அது என்று அப்போது தெரியாது.

பிற்பகலில் மைக் சோதனை. வேனில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் இருந்தன. பழையதைப் போட்டு, என்னை மைக்கின் முன் நிறுத்தி, "பேசிக்கிட்டே இரு, நிறுத்தாத" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு எங்கோ நடந்துவிட்டான். காலி நாற்காலிகளுக்கு முன்னால் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் அருவி இரைந்துகொண்டே இருந்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவன் திரும்பி வந்தபோது முழங்கால் வரை நனைந்திருந்தான். பேசாமல் பழையதன் கம்பிகளைக் கழற்றிப் புதியதில் மாட்டினான்.

"ஏன் மாற்றுகிறாய்?"

"அங்கன பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நின்னு கேட்டேன்லே. அருவி இரைச்சல்ல..."

நான் கையை உயர்த்தினேன். முன்னுரையை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். குறுக்கே ஒரு சொல் விழுந்தால் கோவை அறுந்துவிடும். அவன் நிறுத்திக்கொண்டான். கையை உயர்த்தினால் நிறுத்திவிடும் வழக்கம் அவனுக்கு இருந்தது. எனக்கு அந்த வழக்கம் இருந்ததில்லை.

ஐந்து மணிக்குப் பட்டிமன்றம் தொடங்கியது. மெல்லிய சாரலில் குடைகளுக்குக் கீழே பெருங்கூட்டம். என் முறை வந்தது. "நடுவர் அவர்களே" என்றேன். அந்த அகன்ற மார்பினர் வரவில்லை. மூக்கடைத்த அந்த இளைஞன்தான் எல்லாக் குழாய்களிலிருந்தும் பேசினான். நான் உருக்கிய இடத்தில் அவன் கெஞ்சினான். நான் இடித்துரைத்த இடத்தில் அவன் இரைந்தான். முன்வரிசையில் இருவர் தமக்குள் ஏதோ பேசிக்கொண்டது கண்ணில் பட்டது. அவர்கள் என் குரலைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முடிவுசெய்தேன். அவர்கள் மழையைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

மைக்செட்காரரைக் கேலி செய்து ஒரு சிரிப்பைப் பெறுவது எங்கள் தொழிலில் பழைய உத்தி. பேச்சு தொய்யும்போது கைக்கு முதலில் எட்டும் கல் அது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் அந்தக் கல்லை எடுத்தேன்.

"பெரியோர்களே, என் தொண்டை நலமாகத்தான் இருக்கிறது. சாரலில் நனைந்து மைக்செட்டுக்குத்தான் ஜலதோஷம். கடையில் வாங்கிய மருந்தென்றால் குணமாகும். இதுவோ நம் நண்பர் வீட்டிலேயே உட்கார்ந்து தம் கையாலேயே இடித்த கஷாயம். தாம் குடிக்காமல் நமக்கு ஊற்றுகிறார்."

கூட்டம் சிரித்தது, குடைகள் குலுங்கின. அந்தச் சிரிப்பின்மேல் ஏறிக்கொண்டு நான் என் வாதத்தை வெற்றியோடு முடித்தேன். பேச்சின் முடிவில் ஒலிபெருக்கி அமைத்தவருக்கு ஒரு சொல் நன்றி கூறுவது மேடையின் மரபு. ஆயிரம் பேசியவனும் அதை மறப்பதில்லை. நான் மறக்கவில்லை; வேண்டுமென்றே விட்டேன். மேடையின் பக்கத்தில் மேசைக்கு முன் அமர்ந்திருந்த அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிற்பாடு எத்தனையோ முறை நினைவில் திரும்பிப் பார்த்திருக்கிறேன். பார்க்காத ஒன்று நினைவில் எப்படித் தெரியும்?

பட்டிமன்றம் முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் அவனிடம் போனார். எனக்குக் கேட்கும் தூரம்தான்.

"ஏம்ப்பா, வீட்ல செஞ்சதாமே? நாங்க கம்பெனி செட்டுன்னுல்லா நெனச்சோம்."

"நல்லா வேலை செய்யும் அண்ணாச்சி."

"அது சரி. உள்ளூர் ஆளே அப்படிச் சொன்னா நாங்க என்ன செய்ய? சீசனுக்கு மிச்சம் இருக்க நாலு நிகழ்ச்சிக்கும் வேற ஆளப் பாத்துக்கிடுதோம். தப்பா நெனக்காத."

வேனில் நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்தேன். "மேடையில் ஒரு நகைச்சுவை, அவ்வளவுதானே" என்றேன். கண்ணாடியைத் துடைக்கும் தடி கீச்சிட்டுக்கொண்டே போய்வந்தது. என் அறை வாசலில் நிறுத்தி, "எறங்கு" என்றான்.

மறுநாள் கடைக்குப் போனேன். என் முக்காலியின்மேல் ஒரு வானொலிப் பெட்டி பிரித்துப்போடப்பட்டு இருந்தது. நின்றேன். வேலையிலிருந்து தலைநிமிராமல் "வா" என்றான். தம்ளர் ஒன்றுதான் மூடியின்மேல் இருந்தது. அடுத்த வாரமும் முக்காலியில் ஒரு வானொலி. அதற்கடுத்த வாரமும், அது வேறு வானொலி. அத்தனை பெரிய பலகையிருக்க, வானொலிகளை என் முக்காலியின்மேல் வைத்து அவன் பழுது பார்க்கிறான் என்பது மெல்லத்தான் எனக்கு விளங்கிற்று. பிறகு நான் போகவில்லை.

ஓராண்டு அப்படிக் கழிந்தது. வேறு மைக்செட்டுகள் வந்தன. வால்வே இல்லாத ட்ரான்சிஸ்டர் செட்டுகள். பொத்தானைப் போட்ட உடனே பேசின. சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை. மூடியில் கை வைத்தால் சில்லென்றிருந்தது. அவற்றில் என் குரல் தகரத்தில் ஆணி கீறியதுபோல் கேட்டது. கேட்டவர்கள் கைதட்டத்தான் செய்தார்கள். விழா முடிந்ததும் அமைப்பாளர்கள் தங்கள் வழியே போனார்கள்; மைக்செட்காரர்கள் தங்கள் வழியே போனார்கள்; நான் பேருந்துக்கு நின்றேன். மாலைகளில் அறைக்குள் கண்ணாடி முன் பேசிப் பழகினேன். சுவர்கள் நல்ல அவையோர், குறுக்கே பேசுவதில்லை.

கடைசியில் பேசுபவனுக்கே வெற்றி என்று மேடை எனக்குக் கற்பித்திருந்தது. ஆகவே அவன் முதலில் பேசட்டும் என்று காத்திருந்தேன். கோபுர வாசலில், எந்நேரமும் காற்று ஆளைத் தள்ளும் அந்த இடத்தில், இருமுறை எதிர்ப்பட்டோம். அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தான். நானும் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தேன். காற்று இருவரையும் இரு திசையில் கொண்டுபோயிற்று.

அடுத்த சாரலுக்கு என்னைக் குற்றால மேடைக்கு யாரும் அழைக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் குளிப்பதற்கென்று தனியே போனேன். எண்ணெய் தேய்க்கும் ஒருவரிடம் முதுகைக் கொடுத்து அமர்ந்தேன். ஐம்பது வயது இருக்கும். பாறையை உருட்டுவதுபோல் தோளை உருட்டினார். "கொஞ்சம் மெல்ல" என்று நான் சொன்னதும் கை நின்றது.

"நீரு அந்த மேடையில பேசுதவருல்லா?"

எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. "ஆமாம். என் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா?"

"வருசா வருசம் கேட்டிருக்கேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கொழா கட்டுவான். அதுக்குக் கீழதான் எங்க ஆளுக உக்காருத எடம்."

"எப்படி இருக்கும்?"

"மேளம் கணக்கா இருக்கும் தம்பி. கும்முன்னு இருக்கும். என்ன சொல்லுதீருன்னு மட்டும் ஒண்ணும் வெளங்காது." தோளைத் தட்டினார். "இங்க அருவி இரையுதுல்லா. உம்ம சத்தமும் கும்முன்னு வரும், அருவியும் கும்முன்னு வரும். ரெண்டும் சேந்து ஒரே தண்ணியாப் போயிரும். போன வருசந்தான் நெசமாக் கேட்டோம். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா, கல்லு பொறுக்குன அரிசி மாதிரி வந்து விழுந்துச்சு. பொண்டாட்டிமாரப் பத்திப் பேசினீருல்லா? எங்க ஆளு ஒருத்தன் அன்னைக்கு வீட்டுக்குப் பூ வாங்கிட்டுப் போனான்."

அவர் என் கழுத்தை ஒருபுறம் சாய்த்து நரம்பைத் தேடினார்.

"அந்த மைக்செட்டுக்காரப் பையன ஏசினீரே, கஷாயம்னு. அதும் வெளங்குச்சு. பாவம், மழைக்குள்ள வந்து எங்ககிட்டல்லா நின்னு கேட்டுட்டுப் போனான். 'சத்தம் தெளியுதா அண்ணாச்சி, சொல்லு தெளியுதா'ன்னு. நாந்தான் சொன்னேன், சத்தம் சரிதான் சொல்லு தெளியலன்னு."

எண்ணெயோடு எழுந்து அருவிக்குள் போய் நின்றேன். பேரிரைச்சலில் எதுவும் கேட்காத இடம் அது. அங்கே எனக்கு எல்லாம் கேட்டது. பந்தல் அருவிக்கு அருகே போனதால் என் சொற்கள் கரைந்துவிடும் என்று அறிந்து, முழங்கால் நனைய நடந்து போய்க் கேட்டு, தான் செய்தவற்றில் மிகச் சிறந்ததை எனக்காக மாட்டியிருக்கிறான். அதை அவன் சொல்ல வந்தபோது நான் கையை உயர்த்தியிருக்கிறேன். வேப்பமரத்து மனிதரைப் பல ஆண்டுகள் நான் மட்டுமே புரிந்துகொண்டிருக்கிறேன்; ஊர் அவரை மேளமாகக் கேட்டிருக்கிறது. என் சொல் முழுமையாகக் கடைக்கோடி வரை போய்ச் சேர்ந்த ஒரே நாளில், அதில் நான் ஏற்றி அனுப்பியது அவனுக்கு எதிரான ஏச்சு. கொடுத்ததைக் கொடுக்கும் அந்தப் பெட்டி அதையும் ஓரம் மழுங்காமல் கொடுத்திருக்கிறது.

அன்றே போய் அவனிடம் சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. மேடையில் செய்ததை மேடையில்தான் திருத்த வேண்டும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சில மாதங்களில் சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. மைக்செட் அவனுடையது என்றால் மட்டுமே வருவேன் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். ஒரு வாரம் உட்கார்ந்து மன்னிப்பைக் கட்டினேன். மூன்று பகுதிகள். இரண்டாம் பகுதியின் முடிவில் குரல் தழுதழுக்க ஒரு நிறுத்தம்.

பிற்பகல் மூன்று மணிக்குப் போனபோது குழாய்களைக் கட்டி முடித்திருந்தான். இரண்டு பெட்டிகளும் மேசையில் இருந்தன.

"எது போட?" ஓராண்டுக்கு மேல் கழித்து அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"புதியது."

"ஜலதோஷம் பிடிச்சா?"

அவன் பொத்தானைப் போட்டுவிட்டு, வால்வு சூடேறும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூக்கில் பட்ட அந்தக் குரலிலேயே முக்கால் மணி நேரம் பேசினேன். அதை எதிர்த்து முறுக்காமல் பேசியதால் தொண்டை வலிக்கவில்லை. வயல் பக்கம் நின்றவர்கள்கூட உரிய இடத்தில் சிரித்தார்கள். முடிவுக்கு வந்தேன்.

"நிறைவாக, இந்த ஒலிபெருக்கியை அமைத்த என் நண்பரைப் பற்றி உங்கள் முன்னிலையில் ஒன்று சொல்ல வேண்டும். ஓராண்டுக்கு முன் நான்..."

குழாய்கள் ஓய்ந்தன. மைக் கெட்டுவிட்டது என்று கூட்டம் நினைத்தது. சில பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வால்வுகள் எரிந்துகொண்டிருந்தன. அவன் விரல்கள் ஒலியளவுத் திருகின்மேல் இருந்தன. நிதானமாக என் கண்ணைப் பார்த்தபடி அதை முழுதாகக் குறைத்து வைத்திருந்தான். தலைமையாசிரியர் ஓடிவந்தார். நான் வணக்கம் சொல்லி இறங்கினேன். உடனே குழாய்கள் உயிர் பெற்று, நன்றியுரை சொல்ல வந்தவரின் குரலை ஊருக்கெல்லாம் கேட்கச் செய்தன.

கூட்டம் கலைந்த பிறகு, முதல் நாள்போலவே, கம்பி சுற்றும் அவனும் நானும் மிஞ்சினோம்.

"ஏன் குறைத்தாய்?"

"ஏசினது மைக்ல. மன்னிப்பும் நீ மைக்ல கேட்டன்னு வையி, ஜனம் கைதட்டும். அந்தத் தட்டும் உனக்குத்தான் வரும். எனக்கு என்ன வரும்?" கம்பியை முழங்கையில் சுற்றினான். "கேக்கணும்னா வெறும் வாயால கேளு."

வாயைத் திறந்தேன். ஒரு வாரம் கட்டிய மூன்று பகுதிகளில் ஒன்றுகூட வரவில்லை. மேடைத் தமிழ் வரவில்லை. சுரண்டைக் கடையில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவனின் பேச்சுத்தான் வந்தது.

"நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாதுலே. வீட்ல செஞ்சதுன்னு சொல்ல மாட்டேன்னு சொன்னேன்லா. சொல்லிட்டேன். தப்பு."

அவன் சுற்றுவதை நிறுத்தி என்னைப் பார்த்தான். என்னிடமிருந்து அந்தப் பேச்சை அவன் கேட்டதே இல்லை.

"அன்னைக்கு நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போயிக் கேட்டேன்" என்றான்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"எண்ணெ தேய்க்குத அண்ணாச்சி."

உதட்டோரம் ஏதோ அசைந்தது. "சரி" என்றான். குழாய்களை வேனில் ஏற்றினான். நான் ஒரு முனையைப் பிடித்தேன், அவன் தடுக்கவில்லை. கடைசியாகப் புதிய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்து, தன் பக்கத்து இருக்கையில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்தான்.

"ரோடு மோசம். பின்னால வச்சா வால்வு தாங்காது" என்றான். "ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கு."

வேன் போயிற்று. பேருந்து நிறுத்தத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. கையில் புதிய பொன்னாடை ஒன்று இருந்தது.

இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பட்டிமன்றங்களில் இன்றும் பேசுகிறேன். அவனையும் சில இடங்களில் அழைக்கிறார்கள். நேற்றுப் பள்ளி ஒன்றின் நிகழ்ச்சி பற்றிச் சொல்ல அவன் கடைக்குப் போனேன். முக்காலியின்மேல் ஒரு வானொலி இருந்தது. ஆனால் அது பிரித்துப்போட்டதல்ல. மூடி பூட்டித் திருகி, வேலை முடிந்திருந்தது. தூக்கிக் கீழே வைத்தால் உட்காரலாம். பழைய செட்டின் மூடியில் இரண்டு தம்ளர்கள் இருந்தன. ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான்.

வானொலியை அவன் எடுக்கவில்லை. எடுக்கட்டுமா என்று நானும் கேட்கவில்லை. தேதியையும் நேரத்தையும் சொல்லிவிட்டு, நின்றபடியே தேநீரைக் குடித்து முடித்தேன்.